மாத்திரையை யார் கொடுப்பது?

கேள்வி: காப்பகத்தில் இருக்கும் 4 வயது நாய் ஒன்று என் மகளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு வலிப்பு நோய். ஆயுள் முழுக்க இருவேளை மாத்திரை கொடுக்க வேண்டுமாம். “சீக்காளி நாய் நமக்கெதற்கு?” என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: என் நாய் செம்பாவுக்கும் வலிப்புதான். எனக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் அவளை அழைத்துப்போய், முதல் வலிப்பைப் பார்த்ததுமே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதனால் உங்கள் கணவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. இப்போதே தயங்குகிறவர், யோசிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அன்பு இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். மகளிடம் அது இருக்கிறது. காலை 7, இரவு 7 என்றால், அந்த மாத்திரையை யார் கொடுப்பது? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார்? வெளியூர் போனால் யார்? இதை மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். வலிப்புக்குப் பெரும்பாலும் கொடுப்பது பினோபார்பிட்டால். 12 மணி நேர இடைவெளி பிசகக் கூடாது. “இப்போதுதான் நன்றாக இருக்கிறதே” என்று நாமாகத் திடீரென நிறுத்தினால், முன்பைவிட மோசமான வலிப்பு வரலாம்.

அந்த மருந்தை ஆரம்பித்த முதல் சில வாரங்கள் நாய் தள்ளாடும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், எவ்வளவு போட்டாலும் பசிக்கும். செம்பா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத் திரும்பும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மருந்துதான் கெடுக்கிறதோ என்று நானே பயந்தேன். தள்ளாட்டம் மெல்லக் குறைந்தது, தாகம் கொஞ்சம் தங்கிவிட்டது. இரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் பார்க்க, மருத்துவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எங்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை.

மாத்திரை கொடுத்தால் வலிப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாய்களுக்கு எண்ணிக்கை நன்றாகக் குறையும். செம்பாவுக்கு ஒருநாள் நடுராத்திரியில் வந்தது. நகங்கள் தரையில் தடதடவென்று அடிக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். வாயில் நுரை, கண் திறந்தே இருக்கிறது, ஆனால் பார்வை இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை நிமிடம். பிறகு எழுந்து சுவரில் முட்டினாள், என்னை அடையாளம் தெரியவில்லை. அரை மணி கழித்துத்தான் வந்து என் உள்ளங்கையை முகர்ந்தாள்.

உங்கள் மகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள்: வலிப்பின்போது வாய்ப்பக்கம் கையே போகக் கூடாது. நாய் நாக்கை விழுங்காது, ஆனால் தன்னை அறியாமல் கடித்துவிடும். தெளிகிற நேரத்திலும் தள்ளியே இருக்கட்டும். இடித்துக்கொள்ளும்படி பக்கத்தில் எதுவும் இருந்தால் நகர்த்திவிட்டு நேரத்தைக் குறித்தால் போதும். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

காப்பகத்தில் வலிப்பு வந்த தேதிகள், மாத்திரையின் அளவு, கடைசிப் பரிசோதனை முடிவு, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். தேதிகளைக் குறித்தே வைக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஒருநாள் மாத்திரை நேரத்துக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைய மாத்திரையை அவர் கையால் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.