பதினேழாயிரத்துக்கு ‘ஐ7’ கணினி: வாங்கலாமா?

கேள்வி: நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. மகன் ஏழாவது. எங்கள் மகளிர் குழுவின் கணக்கையும் வங்கி வேலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கணினி வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் கணினி தெரிந்த தம்பி ஒருவர், “பாண்டிச்சேரியில் வரி குறைவு. ஐ7 கணினியைப் பதினேழாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன். மீதியில் பிரின்டரும் வாங்கிவிடலாம்” என்கிறார். நம்பி வாங்கலாமா? கடற்காற்றில் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்ற பயமும் இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவர் காட்டும் கணினி நல்லதல்ல.

கணினியின் மூளை மாதிரி இருப்பது பிராசசர். ‘ஐ7’ என்பது இன்டெல் நிறுவனம் தன் பிராசசர்களில் ஒரு வரிசைக்கு வைத்திருக்கும் பெயர். 2008-இலிருந்து அந்தப் பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பல வந்துவிட்டன. ‘எக்ஸ்பிரஸ்’ என்று பலகை மாட்டிய பஸ் எல்லாம் எக்ஸ்பிரஸாகப் போகிறதா, என்ன? பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கமாக இருந்து 2, 3, 4 என்று தொடங்கினால் அது இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை. ஐந்து இலக்கமாகி 12, 13, 14 என்று தொடங்கினால் அந்தந்தத் தலைமுறை. இவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

பதினேழாயிரத்துக்குக் கிடைக்கிற ஐ7 பெரும்பாலும் 2600 அல்லது 3770 ஆகத்தான் இருக்கும். 2600 சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். உங்கள் மகள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்திருப்பாள். 2022-இல் வந்த ஐ3-12100 என்ற எளிய பிராசசர் அதைவிட வேகமாக ஓடும், மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். பெருநகர அலுவலகங்கள் கழித்துக்கட்டிய இயந்திரங்களிலிருந்து பிராசசரைக் கழற்றி, பாகங்களை இணைக்கும் போர்டாகப் பெயர் தெரியாத ஒன்றை எடுத்து அதில் மாட்டி, வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். பெட்டி புதிது, கீபோர்டு புதிது, ஐ7 ஸ்டிக்கரும் புதிது. ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பழைய பிராசசரிலும் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள். அதற்கு உரிமம் இருக்காது. திருட்டு விண்டோஸை முடுக்கிவிடும் மென்பொருள், வேலையைத் தொடங்கும் முன்பே “ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்று கேட்கும். வீட்டுக்குள் வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொல்வதற்கு என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் இதற்கும். அந்தக் கணினியில் உட்கார்ந்து குழுவின் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்களா?

இப்போது உடன் வருகிறவரைப் பற்றி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். வாங்கிய விலைக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லாமல் என் மேசைக்கு வந்த கணினிகளைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி, “கடைக்கு யார் கூட்டிப்போனார்கள்?” என்பதுதான். பக்கத்து வீட்டுப் பையன், மகனுக்கு டியூஷன் எடுக்கிறவர், கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர் என்று பதில் வரும். கடைக்காரர் அவருக்குக் கொடுக்கும் கமிஷன் பில்லில் தனி வரியாக இராது. அதை ஈடுகட்ட, உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மட்டமானதாக மாறியிருக்கும், அல்லது தகவலைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. பெயரில்லாததாக இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். நம் தெருத் தம்பியை அப்படி நினைக்க மனம் வராது. அவரிடம் உதவி கேட்பதில் தவறில்லை. “வாங்கி வந்த பிறகு மாட்டிக் கொடு தம்பி” என்று சொல்லி அதற்கு ஒரு கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாடத்தில் பிராசசரும், ராம் என்ற தற்காலிக நினைவகமும் படிக்கிற பெண், கேட்க வேண்டியதைக் கேட்பாள்.

பாண்டிச்சேரியில் வரி குறைவு என்பது பழைய கதை. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை 1 முதல் கணினிக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே வரி, 18 சதவீதம். நேரு வீதிக் கடையில் குறைத்துக் கொடுத்தால் அது கடைக்காரரின் லாபத்தில் குறைவது, அல்லது பில் போடாமல் குறைவது. மதுவும் பெட்ரோலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அங்கே விலை வேறு. அந்த நினைப்பிலேயே எல்லாவற்றுக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். வரியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22-இல் ஏ.சி.க்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் 28 சதவீதத்தை 18 ஆக்கினார்கள். பென்சிலுக்கும் பயிற்சி நோட்டுக்கும் வரியே இல்லை என்றார்கள். நல்லது. பிள்ளைக்குக் கணினிப் பாடத்தைக் கொடுத்துவிட்டு, கணினியை மட்டும் ஏ.சி.க்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்களே, இது எந்தக் கணக்கு?

“அப்படியானால் பழைய கணினி வாங்கவே கூடாதா?” என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த, டெல், எச்.பி., லெனோவோ போன்ற நிறுவனங்களின் முழுக் கணினி. பாகங்களைக் கழற்றிச் சேர்த்ததாக இருக்கக் கூடாது; போர்டு முதல் பெட்டி வரை அந்த நிறுவனமே செய்ததாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பில்லில் “புதுப்பிக்கப்பட்டது” என்று எழுதி, சீரியல் எண் போட்டு, குறைந்தது ஆறு மாத வாரண்டியைக் குறித்துத் தர வேண்டும். எஸ்.எஸ்.டி. புதிதாக இருக்க வேண்டும். கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டி, சத்தமும் சூடும் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. துளை ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும். என் அண்ணன் வீட்டுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இன்றும் ஓடுகிறது. ஆனால் அன்று நான்கு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதவே மறுத்தார்கள். நாலாவது கடையிலும் முதலில் காட்டியது ஆறாம் தலைமுறை. இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் விதிவிலக்கு ரத்து. கையில் நாற்பதாயிரம் இருக்கும்போது இந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

உங்களுக்கு நான் சொல்வது புது டெஸ்க்டாப். மூன்று பேர் பயன்படுத்தும் வீட்டில் மடிக்கணினி யார் மடியில் இருக்கிறது என்பதே தினசரிச் சண்டையாகிவிடும். மகள் கல்லூரிக்குப் போகும்போது படிப்பைப் பார்த்து மடிக்கணினியை யோசிக்கலாம். பிராசசர் ஐ3, பன்னிரண்டாம் தலைமுறைக்குக் குறையாமல், அல்லது இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி. இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலை குறையும், ஆனால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் திரையில் படமே வராது. ராம் 8 ஜி.பி. ஒரே துண்டாக, இன்னொரு துளை காலியாக. 2025 கடைசி மாதங்களில் ராம் விலை உலகம் முழுவதும் எகிறியது, அதனால் 16 ஜி.பி. ஆக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., அதிலும் என்.வி.எம்.இ. என்ற வேகமான வகை; 22 அங்குலத் திரை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் காட்டி “ஒரு டி.பி. இருக்கிறது” என்று பெருமை பேசினால் தலையாட்டாதீர்கள். கணினி நிமிடக்கணக்கில் திறந்துகொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இனி, முன்னே சொன்ன எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசமாக வருவதை வாங்கவே வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தகரடப்பா மாதிரி லேசாக இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நாளில் அது தனியாகச் சாகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடினாலும் பெயருள்ள நிறுவனத்தின் 450 வாட் வாங்குங்கள்.

விண்டோஸ் உரிமத்துக்குப் பல ஆயிரம் தனியாக ஆகும். நாற்பதாயிரத்துக்குள் அடங்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அது இலவசம். மகளின் பாடத்தில் 11-இல் சி++, 12-இல் பைத்தானும் மை எஸ்.க்யூ.எல்.லும் வருகின்றன. மூன்றும் அதில் நன்றாக ஓடும். குழுக் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். பிரின்டர் இப்போது வேண்டாம். மாதம் பத்துப் பக்கம் அச்சடிக்கும் வீட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பணம் கையில் இருப்பதால் வட்டியில்லாத் தவணை என்ற பேச்சுக்கும் காது கொடுக்க வேண்டாம். செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று பின்வாசலில் நுழையும்.

கடற்காற்றைப் பற்றிய பயம் நியாயமானது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் போர்டின் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். துருவோ தண்ணீர் பட்ட தடயமோ தெரிந்தால் வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிடுவார்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே சூடு பரவி ஈரம் போகும். துணியைப் போர்த்திவிட்டு ஓட்டாதீர்கள். சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. 2011 தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 ஃபெங்கல் புயலையும் பார்த்த ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஃபெங்கலுக்குப் பிறகு என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை மேசைக்கு அடியில் இருந்தவை. மேசை மேல் இடமில்லாவிட்டால் இரண்டு செங்கல் அடுக்காவது கொடுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இணையப் பெட்டியின் அடாப்டரையும் சேர்த்து.

கடையில் பணம் கட்டும் முன், ஒவ்வொரு பாகத்தின் நிறுவனப் பெயரையும் முழு மாடல் எண்ணையும் விலையையும் எழுதி வாங்குங்கள். “ஐ3 சிஸ்டம் ஒன்று, 28,000” என்று ஒற்றை வரியில் எழுதினால் அது பட்டியல் இல்லை. இரண்டு கடைகளில் வாங்கி ஒப்பிட்டால் எது எங்கே மட்டமாகிறது என்று உங்களுக்கே தெரியும். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண்கள் ஏறியாக வேண்டும். “முழுக் கணினிக்கும் ஒரு வருட வாரண்டி” என்று கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள். நிறுவனத்தின் அட்டைப்பெட்டியில் வரும் பிராசசருக்கு நிறுவனமே மூன்று ஆண்டு தருகிறது. போர்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் எத்தனை ஆண்டு என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். அந்த அட்டைப்பெட்டிகளைப் பரணில் போட்டு வையுங்கள். பில் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் நாற்காலியில்கூட உட்காரச் சொல்ல மாட்டார்கள். பில்லோடு போனாலும் “தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம்” என்ற பாட்டை இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புதுச்சேரியில் வாங்கினாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே தொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. வாய்தா எத்தனை ஆகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கடைசியாக, மின்சாரம் போனால் பேட்டரியில் கணினியைத் தாங்கும் யு.பி.எஸ். 600 வி.ஏ. திறனுள்ளது போதும், மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். வேலையைச் சேமித்து நிதானமாக அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு படம் பார்க்க முடியாது என்று மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கிய அன்று கணினியை மாட்டாமல் இரவு முழுவதும் சார்ஜ் ஏற விட்டு, மறுநாள் மாட்டுங்கள். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தீரும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யு.பி.எஸ்.ஸையே மாற்றச் சொல்லி யாராவது வந்தால் அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.