இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் காவலருக்கு

கேள்வி: என் வீட்டுக்காரர் ஊட்டியில் ஏட்டு. மே மாத மலர்க் கண்காட்சி பந்தோபஸ்து வந்தால் தூக்கம் போய்விடும், வீட்டில் எரிச்சல்தான். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு காவலரின் மனைவி, கோத்தகிரி

பதில்: சகோதரி, கோபத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தூக்கம். பெரும்பாலும் குற்றவாளி விடியற்காலை டீதான். டீயில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரமாகும். காலை 8 மணிக்குப் படுப்பவர் இரவு 2 மணிக்கு மேல் டீயைத் தொடக்கூடாது. குளிருக்குச் சுக்கு வெந்நீர் போதும். (நீலகிரிக்காரரிடம் டீயை விடச் சொல்வது கஷ்டம்தான்!) ஜன்னலில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும்; ஸ்டேஷன் அழைப்புக்கு மட்டும் எழுப்புங்கள். பகல் தூக்கம் பாதியில் கலைந்தால், அடுத்த பணிக்கு முன் மாலையில் 90 நிமிடம் படுக்கட்டும்.

குளிருகிறதென்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கண் சொருகினால் கோத்தகிரி வளைவுகளில் பைக் ஓட்டக்கூடாது. ஸ்டேஷனிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவிக் கிளம்பட்டும்.

பிள்ளைகளுக்காக டியூட்டி நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள். நேரம் மாறினால் பிள்ளைகள் எதிரிலேயே பழையதைக் கோடிட்டுத் திருத்தி எழுதுங்கள். அவர் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் கணக்கு வழக்கு, புகார் எதுவும் வேண்டாம். காவலர்களுக்கு வார ஓய்வை அரசு 2021-இல் அறிவித்தது. சீசனில் அது நழுவினால், மாற்று நாளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

எரிச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, குடி கூடினாலோ 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.