பழைய மலை ஜீப்பு: முதல் செலவு இறக்கத்துக்கு

கேள்வி: அண்ணா, பர்கூர் மலையில தாமரைக்கரைப் பக்கம் எங்க தோட்டம். அப்பா ஓட்டின 1997 மாடல் மகிந்திரா ஜீப் இருக்குது. பின்னாடி பிக்கப் தொட்டி கட்டினது, நாலு வீல் டிரைவ், பியூஜோ டீசல் இன்ஜின். அப்பா போனதுக்கப்புறம் மூணு வருசமா மாட்டுச் சாளையிலேயே நிக்குது. ராகி, மரவள்ளி மூட்டைகளை அந்தியூருக்கு இறக்க மறுபடி அதை ஓட்டணும். கையில ஒன்றரை லட்சம் இருக்கு. வேலையை நானே வீட்டுல பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஏத்தத்துல இழுக்கப் பெரிய இன்ஜின், 33 இன்ச் டயர், ஸ்பிரிங் பட்டையைத் தூக்கிக் கட்டுறது, எல்.இ.டி. பார் எல்லாம் போட ஆசை. எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: தம்பி, உங்க பட்டியலை ரெண்டு தடவை படிச்சேன். பிரேக்ங்கிற வார்த்தையே அதுல இல்லை. நீங்க எழுதினபடி பார்த்தா வண்டி ஏறுறப்போ காலியா ஏறும், இறங்குறப்போ லோடோட இறங்கும். ஏத்தத்துல திணறினா வண்டி நிக்கும், ஒரு கல்லை வெச்சுட்டு பீடி பத்த வெச்சுக்கலாம். இறக்கத்துல திணறுற வண்டிக்குக் கல்லு வெக்க நேரம் கிடைக்காது. அதனால ஒன்றரை லட்சத்துல பாதிக்கு மேல பிரேக், ஸ்டியரிங், டயர் மூணுக்கும் ஒதுக்கிருங்க.

உங்க இன்ஜின் 2112 சி.சி.யா, 2498 சி.சி.யான்னு ஆர்.சி. புக்கைப் பாருங்க. எதுவா இருந்தாலும் வேகத்துக்குப் பேர் போன இன்ஜின் கிடையாது. ஆனா நாலு வீலுக்கும் சக்தியைப் பிரிக்கிற ரெண்டாவது கியர்பெட்டியில லோ போட்டா சக்கரத்துக்குப் போற இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்காயிரும். காலி வண்டி மலையேற அது போதும்.

முதல் நாள் ஸ்பானரையே எடுக்காதீங்க. ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போங்க. மாட்டுச் சாளையில நின்ன வண்டின்னதும் எனக்கு அதுதான் கவலை. கோமியமும் ஈரச் சாணமும் சேர்ந்து இரும்பை அரிக்கிற மாதிரி மழைகூட அரிக்காது. வண்டியோட அடிச்சட்டமான சேசிஸ் நெடுக ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இரும்பு 'ணங்'குன்னு சத்தம் குடுக்கும். அரிச்ச இடம் 'தொப்'புங்கும். அங்க பிரஷ் போட்டுச் சுரண்டி முனையால குத்துங்க. பின் பட்டை மாட்டுற ஹேங்கர் ரிவெட் அடிச்ச இடம், தொட்டியோட குறுக்குச் சட்டம் உக்கார்ற இடம், பிரேக் பைப் கிளிப் போட்ட இடம் மூணையும் விடாம பாருங்க. தொட்டித் தகடு ஓட்டையானா பத்து வெல்டிங் வெச்சு ஓட்டிக்கலாம். ஹேங்கர் பக்கத்துல சேசிஸ் ஓட்டையானா அது வீட்டு வேலை இல்லை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி சேசிஸ் வேலை பார்க்கிற பட்டறைக்கு ஏத்திட்டுப் போங்க. அங்க விலை கேட்டுட்டுத்தான் மத்த செலவையே முடிவு பண்ணணும்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில படுக்க வேண்டாம். ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாம உடையும். இரும்பு ஸ்டாண்டு வாங்க மனசில்லைன்னா நல்ல பனைத்துண்டம் குறுக்கும் நெடுக்குமா அடுக்குங்க.

அடுத்து இன்ஜின். பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருகிறாதீங்க. பழைய டீசலை டேங்கிலிருந்து முழுசா இறக்கிருங்க, அடியில சேறு மாதிரி ஒண்ணு வரும். டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் மூணும் புதுசு. கிராங்க் நட்டுல ஸ்பானர் போட்டுக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க, எங்கயும் இறுகக் கூடாது. ஹேண்ட் பம்பை அடிச்சு லைன்ல இருக்கிற காத்தை எடுத்துட்டு, பிறகு ஸ்டார்ட். அப்பவும் ஒரு ஆளு கையில தட்டையான பலகையோட ஏர் குழாய் வாய்க்குப் பக்கத்துல நிக்கட்டும். ரொம்ப நாள் நின்ன டீசல் இன்ஜின் சில சமயம் பம்ப் ஸ்டக் ஆகித் தானா வேகமெடுக்கும், சாவியை ஆஃப் பண்ணினாலும் நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும். கையால அடைக்கப் போனா கையையே உறிஞ்சிரும்.

விடியக்காலையில ஸ்டார்ட் பண்றப்போ வெள்ளைப் புகையா வந்து திணறினா முதல்ல இன்ஜினுக்குள்ள காத்தைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. ஒவ்வொண்ணோட வயரையும் கழட்டி மல்டிமீட்டர் வெச்சா ஒரு ஓம்முக்குப் பக்கத்துல காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா அது செத்துருச்சு. நாலுல ரெண்டு செத்திருந்தாலே மலைக்குளிருக்கு வண்டி எழும்பாது, நீங்க பாவம் இன்ஜினைக் குறை சொல்லுவீங்க. நீலப் புகை விடாம வந்து, ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு ஊதுதுன்னா மட்டும்தான் ரிங், பிஸ்டன் பேச்சு.

இப்ப பிரேக். நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். ஒரு ஜீப்போட வீல் சிலிண்டரை, அதாவது சக்கரத்துல பிரேக் லைனிங்கைத் தள்ளுற உருளையைப் பிரிச்சு, மத்த சாமானோட சேர்த்து ரப்பர் சீலையும் டீசல் தட்டுல போட்டுக் கழுவிட்டேன். பளிச்சுன்னு இருந்துது. மறுநாள் திம்பம் மலைப்பாதையில, 27 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட இறங்கலை, முன் சக்கரம் ரெண்டும் விடாம புடிச்சுக்கிட்டு டிரம் புகையுது. டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் உப்பிரும். உப்பின ரப்பர் திரும்பி வராது. பிரேக் சாமானைக் கழுவ பிரேக் ஆயில் இல்லைன்னா ஸ்பிரிட். அதைத் தவிர வேற எதையும் தொடாதீங்க.

மூணு வருசம் நின்ன வண்டிக்கு எட்டணா எட்டணாவா மிச்சம் பிடிக்காம எல்லா ரப்பரையும் மாத்திருங்க: மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது) கிட், வீல் சிலிண்டர் நாலு, முன்னாடி ரெண்டும் பின்னாடி ஒண்ணுமா ஹோஸ் பைப் மூணு. டிரம்மைக் கழட்டினதும் உள்ள இருக்கிற தூசியை ஏர் வெச்சு ஊதாதீங்க. பழைய லைனிங் தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால துடைச்சு எடுங்க. பின் டிரம்முக்குள்ள எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஆக்சில் சீல் போச்சுன்னு அர்த்தம். சீலை மாத்தாம லைனிங்கை மட்டும் மாத்தினா ஒரே வாரத்துல அதுவும் எண்ணெய் குடிச்சிரும். டிரம்மை விரலால தடவிப் பார்த்து வரப்பு மாதிரி கோடு இருந்தா லேத்துல கடைஞ்சுக்கலாம். ஏற்கெனவே ரெண்டு முறை கடைஞ்ச டிரம்மா இருந்தா புதுசு வாங்கிருங்க.

பிரேக் லைன்ல காத்து எடுக்கிறதுக்கு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமா இருக்கிற சக்கரத்துல ஆரம்பிங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. டாட் 3 ஆயில், மூடி உடைக்காத புது டின். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அந்த ஈரம்தான் நீண்ட இறக்கத்துல டிரம் கொதிக்கிறப்போ ஆவியாகி, பெடலைப் பஞ்சு மாதிரி ஆக்கும். இதுக்குத்தான் ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்தச் சொல்றது.

மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டிக் குடுக்கிற பூஸ்டர் இருக்கிற வண்டியா இருந்தா அதைச் சோதிக்க ஒரு பைசா வேண்டாம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, கல்லு மாதிரி ஆயிரும். அப்படியே மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் சித்தே கீழ இறங்கினா பூஸ்டர் நல்லாருக்கு. இறங்கலைன்னா வேக்கம் ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்லை பம்ப் போயிருக்கும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு இன்ஜினை அணைச்சுட்டு இறக்கத்துல விடுறவங்களுக்கும் கடைசியில இந்தக் கல்லுப் பெடல்தான் கிடைக்கும்.

ஸ்டியரிங். இந்த ஜீப்புல குழியில ஒரு அடி வாங்கினதும் முன்பக்கம் மொத்தமும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுறது உண்டு. எல்லாரும் வீல் பேலன்ஸ்தான்னு சொல்லுவாங்க. முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் கையை வெச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா வீட்டுல ஒருத்தரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சாணி. பக்கவாட்டுல கை வெச்சு ஆட்டுறப்போ லூசா இருந்தா ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட முனை, டை ராடு எண்ட். பேரிங் போடுறப்போ சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, பிறகு கால் சுத்துக்கும் கம்மியா தளர்த்தி, லாக் வாஷரை மடக்கிருங்க. கிங் பின்னுக்கு ஷிம்ங்கிற மெல்லிய தகடு வைக்கிற வேலை மட்டும் பழகின கை வேணும். முன் ஹவுசிங்கை (ஆக்சில் கூட்டை) அப்படியே இறக்கி ஒரு நல்ல மெக்கானிக் கிட்டக் குடுத்துருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

ஹவுசிங் ரெண்டுலயும் கியர் ஆயிலைச் சொட்டு எடுத்துப் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா ஓடைத் தண்ணி உள்ள போயிருக்கு, மாத்துங்க.

ரேடியேட்டர்ல எப்பவும் ஊத்துற போர் தண்ணியை இனி ஊத்தாதீங்க. நம்ம பக்கத்துப் போர் தண்ணி டம்ளர்லயே வெள்ளை கட்டும், ரேடியேட்டர் குழாய்க்குள்ள கட்டாதா? சிறுவாணித் தண்ணி குடிக்கிற கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. ஒருக்கா முழுசா கழுவிட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல கூலன்ட் கலந்து ஊத்துங்க. இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற தெர்மோஸ்டாட்டை முன்னாடி யாராவது கழட்டி எறிஞ்சிருந்தா திரும்பப் போடுங்க. அது இல்லாத இன்ஜின் மலைக்குளிர்ல சூடாகாமலே ஓடிப் புகையும்.

இனி உங்க ஆசைகள். 33 இன்ச் வேண்டவே வேண்டாம். 31 இன்ச்சுக்கே கணக்குப் போட்டுக் காட்டுறேன். இப்ப 235/75 ஆர் 15 போட்டிருந்தா அதோட உயரம் சுமார் 733 மி.மீ. 31 இன்ச் டயர் 787 மி.மீ. சக்கரம் நூத்துக்கு ஏழு பெருசாச்சு, அதாவது ஒவ்வொரு கியரும் இழுவையில ஏழு பங்கு இழந்துச்சு. இழுக்கலைன்னுதானே பெரிய இன்ஜின் கேட்டீங்க? பிரேக் பிடிப்பும் அதே அளவு குறையும். மீட்டர் 70 காட்டுறப்போ வண்டி 75-ல போகும். அதே அளவுல ரோடு, மண் ரெண்டுக்கும் ஆகுற நல்ல ஏ.டி. பட்டன் டயர் நாலு, கூட ஒரு ஸ்டெப்னி. அவ்வளவுதான் வேணும்.

பட்டை முனையை சேசிஸோட இணைக்கிற சாக்கிளை நீளமா போட்டு முன்னாடி தூக்கினா கிங் பின் சாய்வு மாறி ஸ்டியரிங் தானா நேராகாது. கியர்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போற புரொப்பெல்லர் சாஃப்ட் கோணம் கூடி, அதோட மூட்டான கிராஸ் சீக்கிரம் தேயும். அதுக்குப் பதிலா பட்டைக் கட்டைப் பிரிச்சு, உடைஞ்ச பட்டையை மாத்தி, படிஞ்சதைப் பழைய வளைவுக்குக் கேம்பர் அடிச்சு, புது புஷ் போடுங்க. உங்க அப்பா வாங்கினப்போ இருந்த உயரம் திரும்ப வந்துரும்.

பெரிய இன்ஜின் மாத்தினா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. முன்னாடி இரும்புக் கம்பி கார்டு கட்டுறதும் சட்டப்படி கூடாது. உங்க ஆர்.சி.யே காலாவதியா இருக்கலாம், இன்ஷூரன்ஸ் நிச்சயம் முடிஞ்சிருக்கும். அப்பா பேர்ல இருக்கிற ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்துற வேலையையும் சேர்த்து இப்பவே எழுதிப் போடுங்க, வண்டி வேலை முடியுறதுக்குள்ள அதுவும் முடியட்டும்.

எல்.இ.டி. பார் வளைவுல எதிர்ல வர்றவன் கண்ணைக் கட்டும். பழைய ஜீப்புல ஹெட்லைட் மங்குறதுக்குக் காரணம் பல்பு இல்லை, வயர். ரெண்டு 60 வாட் பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் கரண்ட், முப்பது வருசப் பழைய சுவிட்ச் வழியா சுத்திக்கிட்டு வருது. பேட்டரியிலிருந்து பியூஸ் போட்டு, தடிச்ச வயர்ல சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற ரிலே ரெண்டு வெச்சு நேரா பல்புக்குக் குடுங்க. பொழுதோட உக்காந்தா ஒரு சாயங்கால வேலை. ஊர் உலகத்துல இதைவிட மலிவான அப்கிரேடு எனக்குத் தெரியலை.

உதிரி பாகத்துல ஹவுசிங், டை ராடு மாதிரி இரும்புச் சாமானை கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல தேடலாம். பிரேக் சாமானை மட்டும் பழசு வாங்காதீங்க.

எல்லாம் முடிஞ்சு முதல் தடவை இறங்குறப்போ பாதி மூட்டை போதும். ஏறின கியர்லயே இறங்குங்க, பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே வராம, மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டு வாங்க. கீழ வந்ததும் நிறுத்தி, நாலு டிரம்முக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போய்ப் பாருங்க, தொடாதீங்க. இடது வலது ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் ஆறிப் போயிருந்தா அந்தச் சக்கரம் வேலையே செய்யலை, ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அது விடாம புடிச்சிருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் முழு லோடு ஏத்துறதுக்கு முந்தி அந்த டிரம்மை மறுபடி கழட்டுங்க.