குல்லை என்பது கஞ்சாவா?

கேள்வி (மேலூர் வாசகர்): குறுந்தொகையின் 11ஆம் பாடலில் ‘குல்லைக் கண்ணி வடுகர்’ என்று வருகிறது. இதற்குக் ‘கஞ்சா மாலை அணிந்த வடுகர்’ என்று பொருள் கூறி, சங்க காலத்திலேயே கஞ்சாப் பழக்கம் இருந்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. என்னிடம் உள்ள உரைநூலில் ‘கஞ்சங்குல்லை’ என்று இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் துளசி, கஞ்சா, வெட்சி என்று மூன்றையும் தருகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றையும் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. சங்கப் பாடல்களில் வரும் குல்லை, நம் கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் தானாக முளைத்துக் கிடக்கும் நாய்த்துளசி. அதற்கான சான்றுகள் பாடல்களுக்குள்ளேயே இருக்கின்றன.

மாமூலனார் பாடிய அந்தக் குறுந்தொகைப் பாடலில், பிரிவால் வளை நெகிழ்ந்து வருந்தும் தலைவி, வடுகர் (தமிழகத்துக்கு வடக்கே வாழ்ந்த தெலுங்கர்) முனைக்கும் கட்டி என்ற குறுநில மன்னனின் நாட்டுக்கும் அப்பால் மொழி வேறாகிய தேயத்தில் தலைவர் இருந்தாலும் அங்கே செல்லத் துணிந்தேன் என்று தன் நெஞ்சிடம் கூறுகிறாள். வடுகரைப் பற்றி அங்கே நமக்குக் கிடைப்பது ‘குல்லைக் கண்ணி’, அதாவது தலையில் சூடும் குல்லை மாலை, என்ற அடைமொழி மட்டுமே. அதை எப்படிப் புரட்டினாலும் குல்லை எந்தச் செடி என்பது விளங்காது. ஆகவே அந்தச் சொல் வரும் மற்ற இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் அந்தப் பட்டியலில் ‘குல்லை பிடவம் சிறுமாரோடம்’ என்று ஓர் அடி வருகிறது. அதே பட்டியலில் ‘தண்கயக் குவளை குறிஞ்சி வெட்சி’ என்றும், ‘தும்பை துழாஅய் சுடர்ப்பூந் தோன்றி’ என்றும் வேறு அடிகள் உள்ளன. வெட்சியையும் துழாயையும் (துளசியின் பழைய பெயர்) தனித்தனியே சொன்ன கபிலர், குல்லையை வேறொரு பூவாகவே எண்ணியிருக்க வேண்டும். கலித்தொகையின் 103ஆம் பாடலும் இதற்குத் துணை நிற்கிறது. ஏறு தழுவ வந்த ஆயர்கள் சூடிய கண்ணிகளைச் சொல்லும்போது, ‘புல்லிலை வெட்சியும் பிடவும் தளவும் / குல்லையும் குருந்தும் கோடலும் பாங்கரும்’ என்று அந்தப் பாடல் வெட்சியையும் குல்லையையும் அடுத்தடுத்த அடிகளில் வைக்கிறது. (அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் இன்று வாடிவாசல் முன் நிற்கும் இளைஞர்களுக்கு எண்ணிட்ட பனியன்தான் கண்ணி.) துளசியும் வெட்சியும் இவ்வாறு விலகிவிடுகின்றன.

எஞ்சி நிற்பது கஞ்சா. கலித்தொகை அந்த ஆயர்கள் அணிந்ததைக் ‘கமழ்கண்ணி’ என்கிறது. நற்றிணையின் 376ஆம் பாடல், குல்லையைக் குளவி, கூதளம், குவளை ஆகிய பூக்களோடு சேர்த்து மிடைந்த ‘ஈர்ந்தண் கண்ணி’யைத் தலைவனுக்குச் சூட்டுகிறது. சிறுபாணாற்றுப்படை முல்லை மலரும் காட்டைக் ‘குல்லையம் புறவு’ என்று அழைக்கிறது. பொருநராற்றுப்படையோ, அருவிகள் வற்றி மேகம் கடல்நீர் முகக்க மறந்த பெருவறட்சியைக் காட்டும்போது ‘குல்லை கரியவும்’ என்று தொடங்குகிறது. ஆக, குல்லை என்பது புன்செய்க் காட்டில் மிகுதியாக வளர்வதும், கோடை முற்றினால் கருகுவதும், மணத்துக்காகத் தலையில் சூடப்படுவதுமான ஒரு சிறு செடி. கஞ்சாவின் பூ இதழ் இல்லாத, பசுமை நிறமான, காற்றினால் மகரந்தம் பரவுகின்ற பூ. அதைக் குவளையோடு சேர்த்து ஒருவர் கண்ணி கட்டுவார் என்று நம்புவது கடினம். அதோடு, கள்ளையும் தேறலையும் நறவையும் இத்தனை விரிவாகப் பாடிய புலவர்கள், குல்லையைப் பற்றிய இடங்களில் சூடுவதையும் உடுப்பதையும் காட்டு வளத்தையும் சொன்னார்களே தவிர, மயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அப்படியானால் கஞ்சா எங்கிருந்து வந்தது? நம் மதுரையைச் சேர்ந்தவர் என்று மரபு கூறும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர், பத்துப்பாட்டில் குல்லை வரும் இடத்தில் ‘கஞ்சங்குல்லை’ என்று உரை எழுதினார். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அந்த உரையோடு பதிப்பித்தார். 1937இல் வெளிவந்த அவருடைய குறுந்தொகைப் பதிப்பும் அதே விளக்கத்தையே கொண்டது. நச்சினார்க்கினியர் காலத்து வாசகருக்குக் கஞ்சங்குல்லை என்பது கண்ணெதிரே நின்ற செடியின் பெயர். அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பிற்காலத்தில் அந்தப் பெயர் வழக்கொழிந்தபோது, ‘கஞ்சம்’ என்ற முற்பகுதி வடமொழிவழி வந்த ‘கஞ்சா’ என்ற சொல்லை நினைவூட்ட, ஒலி ஒப்புமையே பொருள் ஒப்புமையாகிவிட்டது. நிகண்டுகளின் போக்கும் இதற்கு இடம் கொடுத்தது. மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் அடுக்கிய நூல்கள் அவை; ஒரு சொல்லுக்கு எந்த நூலில், எந்தக் காலத்தில், எந்தப் பொருள் என்று அவை பிரித்துக் காட்டுவதில்லை. அகராதிகள் அவற்றை அள்ளிக்கொண்டன. அகராதியில் ஒரு பொருள் இருப்பது, அந்தப் பொருளில் யாரோ எப்போதோ அச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குத்தான் சான்று; மாமூலனார் அந்தப் பொருளில் பாடினார் என்பதற்குச் சான்று ஆகாது.

கேள்வி (அலங்காநல்லூர் வாசகர்): எங்கள் தோட்டத்து வரப்பில் வளரும் ஒரு செடியைச் சிலர் நாய்த்துளசி என்றும், வயதானவர்கள் கஞ்சாங்கோரை என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயந்து பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. கஞ்சங்குல்லையும் கஞ்சாங்கோரையும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் ஒன்றே என்பது என் கருத்து. பயப்பட ஒன்றுமில்லை. முழங்கால் உயரம் வளரும் அந்தச் செடியின் இளந்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக இருக்கும். இலை துளசி இலையைவிட ஒடுங்கியது. பூக்கதிரில் சிறு வெண்பூக்கள் கணுவுக்குக் கணு வட்டமாகச் சுற்றி நிற்கும். இலையைக் கசக்கினால் துளசியின் காரமான மணத்தைவிட எலுமிச்சை சேர்ந்த கற்பூர வாசம் முந்தும். விதை கறுத்துச் சிறுத்திருக்கும். தண்ணீரில் போட்டால் சப்ஜா விதையைப் போலவே வழவழப்பாக உப்பும். சப்ஜா விதையைத் தரும் திருநீற்றுப்பச்சை இதன் நெருங்கிய உறவு என்பதால் இதில் வியப்பில்லை. காய்ந்த செடியை மூட்டம் போட்டால் கொசு அண்டாது என்று கிராமத்தில் சொல்வார்கள். கஞ்சாவுக்கும் இதற்கும் குடும்பத் தொடர்புகூடக் கிடையாது.

பெயரின் பிற்பகுதியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கோரை என்பது நீர்க்கரையில் வளரும், பாய் முடைய உதவும் புல்வகை. கிளை விட்டு, அகன்ற இலையோடு மேட்டு நிலத்தில் நிற்கும் இந்தச் செடியை யாரும் கோரை என்று புதிதாகப் பெயரிட்டிருக்க மாட்டார்கள். குல்லை என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமற்போன காலத்தில், வாய்க்குப் பழகிய கோரை அதன் இடத்தில் வந்து அமர்ந்திருக்க வேண்டும். இது என் ஊகமே. ஆயினும் பழைய பெயரின் முன்பாதி அப்படியே நின்று பின்பாதி மட்டும் மாறியிருப்பது இந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது.

நாய்த்துளசி என்ற பெயரின் கதை வேறு. தமிழில் நாய், பேய், காட்டு என்ற அடைகள் பெற்ற செடிகளில் பெரும்பாலானவை, பயன்பாட்டில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட ஒரு செடியைப் போலத் தோன்றி, அதன் இடத்தைப் பெறாதவை: நாய்வேளை, பேய்ப்புடல், காட்டாமணக்கு என்று எத்தனையோ. சங்கப் புலவர்களிடம் தன் பெயரோடு நின்ற குல்லை, துளசி மாடம் முற்றத்துக்கு வந்தபின் துளசியை வைத்து அடையாளம் சொல்லப்படும் செடியாகிவிட்டது. தெலுங்கிலும் இதற்குக் ‘குக்க துளசி’, அதாவது நாய்த்துளசி என்றே பெயர். வடுகர் சூடிய குல்லையை வடுகர் நாட்டிலும் நாயோடு சேர்த்துவிட்டார்கள். தாவரவியலாரும் தம் பங்குக்கு ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடிக்கு ‘ஓசிமம் அமெரிக்கானம்’ என்று பெயர் வைத்து, அமெரிக்காவை அதன் தலையில் கட்டினார்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம் வாசகர்): திருமுருகாற்றுப்படையில் குல்லை வருகிறது. துளசி வகை பெருமாளுக்கு உரியதாயிற்றே, முருகனைப் பாடும் நூலில் எப்படி வரும்?

பதில்: அங்கே குல்லை வருவது பூசைப் பொருளாக அன்று. குன்றுதோறாடல் பகுதியில் முருகனோடு ஆடும் மகளிரின் தழையாடையைப் பாடும்போது, ‘முடித்த குல்லை இலையுடை நறும்பூ’ என்று தொடங்கி, செங்கால் மராமரத்தின் வெண்பூங்கொத்துகளை இடையிடையே வைத்து, வண்டு உண்ணும்படி தொடுத்த பெரிய தழையை அவர்கள் உடுத்தியிருந்ததாக நக்கீரர் கூறுகிறார். குல்லை அங்கே மகளிரின் அணிகலன் மட்டுமே.

திருமாலுக்கு உரிமையானது துழாய். சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்சேரியில் நடக்கும் ஆய்ச்சியர் குரவையில், மாயவனாக நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு ‘வண்துழாய் மாலை’ சூட்டப்படுகிறது. துழாய், துளவு, துளவம் என்ற வடிவங்களையெல்லாம் பிற்காலத்தில் துளசி என்ற ஒரே வடிவம் விழுங்கிவிட்டது. அழகர்கோயில் வாசலில் ‘துழாய் மாலை என்ன விலை’ என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): இதே போலக் கரந்தைக்கும் திருநீற்றுப்பச்சை, கொட்டைக்கரந்தை என்று இரண்டு பொருள் சொல்கிறார்களே?

பதில்: புறநானூற்றின் 261ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் ‘நாகுமுலை அன்ன நறும்பூங் கரந்தை’ என்கிறார். நாகு என்பது கன்று ஈனாத இளம் பசு. அதன் முலைக்காம்பை ஒத்த பூ என்பது உவமை. திருநீற்றுப்பச்சையின் பூக்கதிர் நீண்டு ஒல்லியாக இருப்பதால் அந்த உவமைக்குப் பொருந்தாது. நெல் அறுத்த வயலில் தரையோடு படர்ந்து, ஊதா கலந்த சிவப்பில் குட்டையாகத் திரண்ட தலைகளைத் தரும் கொட்டைக்கரந்தை பொருந்துகிறது. மணத்தை மட்டும் வைத்துப் பொருள் தேடியவர்கள் திருநீற்றுப்பச்சைக்குப் போயிருக்கலாம். ஆநிரை மீட்கச் சென்ற வீரர் சூடிய பூவுக்கு, புலவர் ஓர் இளம் பசுவையே உவமையாக எடுத்திருக்கிறார். உங்கள் ஊர்ப் பக்கம் தை அறுவடை முடிந்தபின் வயலில் இறங்கி அந்தப் பூவின் திரட்சியை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.