பால்வாடியில் ஒண்ணுக்குப் போகாமல் அடக்கும் பிள்ளை: டீச்சர் என்ன செய்யலாம்?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். 2 வயதிலிருந்து 5 வயது வரை 18 பிள்ளைகள். நானும் ஒரு உதவியாளரும்தான். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் காலையில் வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகிறவரை ஒண்ணுக்கே போவதில்லை. கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போனாலே அழுகிறான். மதியம் தூங்கும்போது பாயை நனைத்துவிடுகிறான். அம்மா பீடி சுற்றுகிறவர். "நாலு அடி போடுங்க டீச்சர், சரியாயிரும்" என்கிறார். சிலர் டயபர் மாட்டியே அனுப்புகிறார்கள். கழிப்பறை, கைகழுவல், துணி மாற்றுதல் என்று இதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. பாட்டும் கதையும் எப்போது நடத்துவது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிரவுசரைத் தானே இறக்குவது, மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது, சோப்பை நழுவவிடாமல் பிடிப்பது, அடுத்து என்ன செய்யணும் என்று நினைவில் வைப்பது: மூணு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. விரல் பழகுகிறது, பேச்சு வளர்கிறது, "என்னால் முடியும்" என்ற தைரியம் வருகிறது. அதனால் அந்தப் பாதி நாளைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அதற்குள்ளேயே பாட்டையும் கதையையும் கொண்டுபோங்கள். கை கழுவும்போது பாடுகிற பாட்டும் பாட்டுதானே.

இனி அந்தப் பையன். அடி வேண்டவே வேண்டாம். மனசு இளகிச் சொல்வதாக நினைக்காதீர்கள், உடம்பு வேலை செய்கிற விதமே அப்படி. சிறுநீர்ப்பையின் வாயில் இருக்கும் தசை நிம்மதியாக இருந்தால்தான் தளரும், பயந்தால் இறுகும். அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் இறுக்கிப் பிடித்திருக்கிறான். தூங்கியதும் பிடி விடுகிறது, பாய் நனைகிறது. அடித்தால் இன்னும் கெட்டியாகப் பிடிப்பான்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கழிப்பறை வாசலில் அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். உள்ளே இருட்டாக இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? பீங்கான் பெரியவர்கள் அளவுக்குப் பதித்ததா? அப்படியென்றால் சின்னக் கால்களை அகட்டி வைத்து உட்காரும்போது, குழிக்குள் விழுந்துவிடுவோம் என்றுதான் அவனுக்குத் தோன்றும். வீட்டில் எங்கே போகிறான், என்ன சொல்லிக் கேட்கிறான் என்பதையும் அம்மாவிடம் விசாரியுங்கள். பின்வாசல் வெட்டவெளியில், ஆச்சி பக்கத்தில் நிற்க, போய்ப் பழகியவனாக இருக்கலாம். அவனை மூடிய அறைக்குள் தனியாக அனுப்பினால் மிரளத்தான் செய்வான்.

நான் சொல்லுகிற வழி மெதுவானது. முதல் சில நாள் அவனை உட்காரச் சொல்லவே வேண்டாம். "வா, தண்ணி ஊத்திட்டு வருவோம்" என்று கூட்டிப்போய் ஒரு மக் தண்ணீர் ஊற்ற விடுங்கள், அப்புறம் வெளியே வந்துவிடுங்கள். அது பழகியதும் கதவைத் திறந்தே வைத்து, நீங்கள் முன்னால் நின்று அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார வையுங்கள். பீங்கான் ரொம்பப் பெரிதென்றால் பிள்ளைகள் உட்கார்ந்து போகிற சின்ன பிளாஸ்டிக் தொட்டியை (potty) அதன் பக்கத்திலேயே வைத்துப் பழக்கலாம். நீங்களோ ஆயாவோ, யாராவது ஒருவரே தொடர்ந்து கூட்டிப்போக வேண்டும். ஆள் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவான். 5 நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். வரவில்லையா, "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று எழுப்பிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். வயிற்றில் சோறு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்து 15 முதல் 30 நிமிஷத்துக்குள் கூட்டிப்போவது ரெண்டுக்குப் போகிறதுக்கும் நல்லது, தூக்கத்துக்கு முன்னால் ஒண்ணுக்குப் போனதாகவும் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்குமே வந்ததும், சாப்பாட்டுக்கு முன், தூங்கும் முன், எழுந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன் என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 18 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டாம். நாலைந்து பேராகப் போகட்டும், மற்றவர்கள் ஆயாவோடு விளையாடட்டும்.

இன்னொன்று, பாய் நனைகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பல இடங்களில் இது நடக்கிறது, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு மூத்திரம் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு எரியும். எரிந்தால் இன்னும் அடக்குவான். அடக்கினால் கிருமித்தொற்று வரும். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கட்டிப்போன மலம் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் நனைப்பது கூடும். கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர் இவற்றை அம்மாவிடம் சொல்லுங்கள்.

நனைத்துவிட்ட நாளில் மற்றப் பிள்ளைகள் முன்னால் "சீ" என்று ஒரு வார்த்தை வரக்கூடாது, ஆயா வாயிலிருந்தும்தான். பேசாமல் ஓரமாகக் கூட்டிப்போய் மாற்றிவிடுங்கள். ஈர ஜட்டியை வாளியில் போடுவது அவன் வேலையாக இருக்கட்டும், தண்டனையாக ஆக்காமல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாற்றுத்துணிப் பை ஆணியில் தொங்கினால் பாதிப் பரபரப்பு குறையும். ஜிப், ஊக்கு வைத்த டிரவுசர் வேண்டாம், எலாஸ்டிக் போதும் என்று பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள்.

டயபர் போட்டு அனுப்புகிற தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், மடியில் சொளவோடு (முறத்தோடு) உட்கார்ந்திருக்கும்போது நாலு தடவை எழுந்து பிள்ளையைக் கழுவிவிட்டால் அவருடைய வருமானம் குறையும். ஆனாலும் இந்த வெக்கையில் பகல் முழுக்க ஒரே டயபர் என்றால் தொடையிடுக்கு வெந்துபோகும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒரு பிள்ளை 2 மணி நேரம் நனைக்காமல் இருக்கிறது, நனைத்ததும் வந்து சொல்கிறது என்றால் டயபரை விடுகிற பருவம் வந்துவிட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒன்றரை வயதுக்கும் மூணு வயதுக்கும் நடுவில் வரும். வீட்டிலும் உங்களிடமும் ஒரே நாளில் தொடங்குங்கள். அதே தாய்மாரிடம், பிள்ளையைத் தூக்குவதற்கு முன் புகையிலைத் தூள் போக சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

கழுவிவிடும்போது தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: "இப்போ தண்ணி ஊத்தப் போறேன், காலைத் தூக்கு." பெண்பிள்ளைகளுக்கு முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும். திருப்பிக் கழுவினால் மலக்கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போகும். யார் கழுவிவிடலாம், யார் தொடக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரிகிற இடமும் இதுதான். பிள்ளையைக் கூப்பிட வந்த அண்ணனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தப்பாக ஏதாவது நடந்திருக்கும் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லத் தயங்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கடமை.

கைகழுவல் உங்களுக்குத் தெரிந்ததுதான்: சோப்போடு 20 விநாடி, நகக்கண் வரைக்கும். நகம் வாரத்துக்கு ஒருமுறை வெட்டவில்லை என்றால் குடற்புழு மாத்திரை கொடுத்தும் புழு திரும்ப வரும். மூக்குச் சளிக்கு ஆளுக்கொரு துணி. ஒரே துண்டால் எல்லோருக்கும் துடைக்க வேண்டாம்.

தண்ணீர் வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். ஒரு சாண் தண்ணீரில்கூட 2 வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. டிரம்முக்கு மூடி வேண்டும், டெங்குக் கொசுவுக்காகவும். பிளீச்சிங் பவுடர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். போன நேரம், நனைத்த நேரம் ரெண்டையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு முறை அங்கன்வாடிக்கு வரும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். காய்ச்சல், எரிச்சல், மூத்திரத்தில் ரத்தம், ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென நனைப்பது, ஓயாத தாகம் இவற்றில் எது இருந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.