தோல் புற்றுநோய்க்குச் சாப்பாட்டில் மருந்து உண்டா? வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

போன இதழில், தோல் புற்றுநோயாக இருக்கக்கூடிய ஆறாத புண்ணைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான், என்ன சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூக்கோரம் இருந்த சின்னப் புண்ணை எடுத்துப் பரிசோதித்ததில் பேசல் செல் புற்றுநோய் (மெதுவாக வளரும் ஒரு வகைத் தோல் புற்றுநோய்) என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்ப வராமலிருக்க தினமும் காரட் ஜூஸும் மஞ்சள் பாலும் கொடுக்கிறோம். ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையும் வாங்கித் தரலாமா? (வாசகி, கோவை)

காரட் கொடுங்கள், தப்பே இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஜூஸாக வேண்டாம், பொரியலாகப் போதும். மஞ்சள் பாலும் குடிக்கட்டும், ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள், மஞ்சளில் இருக்கும் குர்குமின் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போவதே சொற்பம். மாத்திரை மட்டும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்துக்கடையில் கேட்டால் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

காரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்டை மாத்திரையாக்கி, உங்கள் அப்பாவைப் போலவே ஒருமுறை தோல் புற்றுநோய் வந்துபோன 1,805 பேரை வைத்து அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 50 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருஷம் பார்த்தும் இரண்டு பக்கமும் புதுப் புற்றுநோய் ஒரே அளவில்தான் வந்தது. முடிவு 1990-ல் வெளியானது. சரி, உபயோகம் இல்லாவிட்டாலும் தொந்தரவு இல்லையே என்று நினைத்தால் அதுவும் இல்லை. பின்லாந்தில் சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதே பீட்டா கரோட்டினைக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அப்பா புகைப்பவராக இருந்தால் இந்த மாத்திரை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

அடுத்தது செலினியம் என்ற தாதுச்சத்து. 'இம்யூனிட்டி' என்று அட்டையில் போட்டு விற்கும் பல மாத்திரைகளில் இது இருக்கும். இதையும் தோல் புற்றுநோய் வந்த 1,312 பேருக்கு, தினம் 200 மைக்ரோகிராம் வீதம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் 25 சதவீதம் அதிகமாக வந்தது. தடுப்பதற்காகக் கொடுத்தது வரவழைத்துவிட்டது! உணவில் இருக்கும்போது நல்லது செய்கிற சத்து, அதையே பிரித்தெடுத்துப் பல மடங்கு கொடுத்தால் உடம்பில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது, இதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஒன்றே ஒன்று கொஞ்சம் தேறியது. நிகோடினமைடு, அதாவது வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். நியாசினமைடு என்று முகத்துக்குப் போடும் சீரத்தில் பார்த்திருப்பீர்களே, அதே சாமான்தான். ஆஸ்திரேலியாவில், அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் குறைந்தது இரண்டு தடவையாவது தோல் புற்றுநோய் வந்த 386 பேரை எடுத்து, 500 மில்லிகிராம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவுப்படி, புதிதாக வந்தவை 23 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. பிற்பாடு உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அதனால் இது அவருக்குத் தேவையா என்று அவரைப் பார்க்கும் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்காதீர்கள். தேவை என்று அவர் சொன்னால் சீட்டில் எழுதிய பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள். நியாசின் என்று கேட்டால் கடைக்காரர் நிகோடினிக் ஆசிட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார், அது முகமெல்லாம் சிவந்து எரியும் வேறு சரக்கு.

கேள்வி: தக்காளி சாப்பிட்டால் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (வாசகர், திருநெல்வேலி)

அரைக்கால் உண்மை. தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு, புற ஊதாக் கதிர் பட்டு வரும் சிவப்பு சுமார் 40 சதவீதம் குறைந்ததாக ஜெர்மனியில் ஒரு சின்ன ஆய்வு உண்டு. தக்காளியை வதக்கி எண்ணெயோடு சேர்த்தால் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் லைகோபீன் நன்றாக உடம்பில் சேரும், அந்த வகையில் நம் தக்காளித் தொக்கு சரியான பண்டம்தான். ஆனால் சிவப்பு குறைவது வேறு, புற்றுநோய் குறைவது வேறு.

இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நம்போர் என்ற ஊரைப் பாருங்கள். 1992-ல் 1,621 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவை தினமும் தலை, கழுத்து, கை எல்லாம் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், இன்னொரு பிரிவை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் ஒரு பக்கம் ஓடியது. தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு, பல வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது மெலனோமா என்ற ஆபத்தான வகைத் தோல் புற்றுநோயும் பாதிதான். மாத்திரை அங்கேயும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கணக்கு வேறு, அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: நம்மைப் போன்ற கறுப்புத் தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் வருமா டாக்டர்? (வாசகர், ராமநாதபுரம்)

வரும், ஆனால் குறைவு, அதுவும் பல சமயம் வெயில் படாத இடத்தில். அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மெலனோமா நம்மில் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் கறுப்புக் கோடாக வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஜெர்மனிக்குப் போய் மாற்று சிகிச்சையெல்லாம் பார்த்தார், 1981-ல் 36 வயதில் இறந்துபோனார்.

நம் நாட்டுக்கே உரியது இன்னொன்று. வேட்டியையோ பாவாடை நாடாவையோ பல வருஷம் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தடித்து, உரிந்து, அதிலே ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். அரிதுதான், ஆனால் மருத்துவ ஏடுகளில் 'வேட்டிப் புற்றுநோய்' என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்வது நல்லது. பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்தாலும் அதே கதைதான். அப்புறம், மச்சத்தில் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைக்கிற வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே வெந்து உதிர்ந்துவிடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும், பரிசோதனைக்கு அனுப்பவும் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: என் கணவருக்கு மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் பக்கம் வேலை. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் தோல் புற்றுநோய் வரும் என்கிறார்களே? (வாசகி, சேலம்)

சாப்பாட்டுக்கும் தோல் புற்றுநோய்க்கும் நேரடியான, சந்தேகமே இல்லாத தொடர்பு என்றால் அது இதுதான்: ஆர்சனிக் என்ற விஷப் பொருள். 1980-களின் தொடக்கத்திலேயே கொல்கத்தா தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். குளத்துத் தண்ணீரால் வரும் பேதிக்குப் பயந்து வங்கமெங்கும் ஆழ்துளைக் கிணறு போட, அந்த மண்ணடியில் இயற்கையாகவே இருந்த ஆர்சனிக் தண்ணீரோடு மேலே வந்தது. நெஞ்சிலும் முதுகிலும் கருமை படர்ந்து அதிலே மழைத்துளி விழுந்தாற்போல வெள்ளைப் புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பாகக் காய்ப்பு, இதுதான் அடையாளம். பல வருஷம் கழித்து அந்தக் காய்ப்பிலிருந்தே புற்றுநோய் வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கணவரைத் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் கூடும். நெல்லும் அதை உறிஞ்சும், அதனால் நல்ல தண்ணீரை நிறைய வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்துக் கொட்டும் நம் பழைய பழக்கம் அங்கே குக்கரைவிட மேல். பருப்பு, முட்டை, கீரை குறையாமல் இருக்கட்டும். ஆர்சனிக்கை மாற்றி சிறுநீரில் வெளியேற்ற உடம்புக்குப் புரதமும், கீரையில் இருக்கும் போலேட் என்ற வைட்டமினும் தேவை. ஆனால் தண்ணீரை மாற்றாமல் கீரையை மட்டும் கூட்டினால் போதாது.

கேள்வி: அம்மாவுக்கு மெலனோமா, இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) போகிறது. உறவினர்கள் சர்க்கரை, பால், அசைவம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சீந்தில் கஷாயம் நல்லதாமே? (வாசகர், சென்னை)

உறவினர்களைக் காபி கொடுத்து அனுப்பிவையுங்கள். சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்கும் என்பது சரியல்ல, உடம்பு தனக்கு வேண்டிய குளுக்கோஸைத் தானே செய்துகொள்ளும், நடுவில் மெலிந்துபோவது அம்மாதான். முட்டை, மீன், பால், பருப்பு, எது பிடிக்கிறதோ அது, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாவது உள்ளே போகட்டும்.

நார்ச்சத்து விஷயம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இம்யூனோதெரபி எடுத்த 128 மெலனோமா நோயாளிகளின் சாப்பாட்டைக் கேட்டுக் கணக்கிட்டார்கள், 2021-ல் வெளியானது. தினம் 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களிடம் நோய் நெடுநாள் அடங்கியிருந்தது. குறிப்பாக, கடையில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல கிருமிகள் அடங்கிய) மாத்திரை எடுக்காதவர்களிடம். குடலில் இருக்கும் கிருமிகளுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பு இருப்பதாகப் படுகிறது. இது கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்குதான், கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல, இருந்தாலும் செய்வதில் நஷ்டமில்லை. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 12 கிராம் வந்துவிடும், ஒரு கொய்யாவில் ஐந்துக்குக் குறையாது, ஒரு கப் வெள்ளைச் சாதத்தில் ஒரு கிராம்கூட இல்லை. ராகி, சுண்டல், கீரை என்று கூட்டிக்கொண்டே போங்கள். நான் வேண்டாம் என்பது புரோபயாட்டிக் மாத்திரையைத்தான், தயிர் சாதத்தை அல்ல.

பேதி ஆரம்பித்தால் மட்டும் நார்ச்சத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். இந்த மருந்து குடலையே அழற்சி பண்ணக்கூடும், 'சூடு' என்று மோர் கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. சீந்தில் வேண்டவே வேண்டாம். அதனால் கல்லீரல் கெட்டுப்போனவர்களை கோவிட் சமயத்தில் நம் நாட்டு மருத்துவர்கள் நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இம்யூனோதெரபியும் கல்லீரலைத் தாக்கக்கூடியது. நாளைக்கு மஞ்சள் காமாலை வந்தால் எதனால் வந்தது என்று புரியாமல், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மருந்தை நிறுத்த வேண்டிவரும்.

கேள்வி: தினம் நாலு டம்ளர் பில்டர் காபி குடிப்பேன். விடச் சொல்கிறாள் மனைவி. (வாசகர், கும்பகோணம்)

தோலுக்காக விட வேண்டாம். அமெரிக்க நர்சுகளையும் சுகாதாரப் பணியாளர்களையும் பல வருஷம் கவனித்ததில் காபி அதிகம் குடித்தவர்களுக்கு பேசல் செல் புற்றுநோய் குறைவாகவே இருந்தது, காஃபின் நீக்கிய டிகாஃப் காபிக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. மதுவுக்கு இதற்கு நேர் எதிர், அது கூடக்கூட இந்தப் புற்றுநோயும் கூடுகிறது. ஆனால் மனைவி சொல்வது தூக்கத்துக்காகவோ நாலு டம்ளரிலும் போகிற சர்க்கரைக்காகவோ என்றால், நான் அவர்கள் கட்சி.