கழிப்பறையில் ஆள் இருக்கும்போதே விளக்கு அணைகிறதா? சென்சாரைக் கழற்ற வேண்டாம்

வணக்கம் சார். அலுவலகக் கழிப்பறையில் ஆள் உள்ளே இருக்கும்போதே விளக்கு அணைகிறது, ஆள் அசைவை உணர்ந்து விளக்கைப் போடும் சென்சாரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். உங்களுடையது பி.ஐ.ஆர். வகையாக இருக்கும். உடல் சூடு நகர்வதை அது நேராகப் பார்த்தாக வேண்டும். தடுப்புக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் அதன் கண்ணில் படமாட்டார்.

முதலில் மெயினை அணைத்துவிட்டு, சென்சாரில் நேரம் வைக்கும் சின்னத் திருகைப் பாருங்கள். எங்கள் மாடியில் அது 1 நிமிடத்தில் இருந்தது. 15 நிமிடத்துக்குத் திருப்பினோம், பாதிப் புகார் நின்றது. மிச்சத்துக்கு, நுண்ணலை அனுப்பி அசைவை உணரும் மைக்ரோவேவ் சென்சார் போட்டோம். பலகைத் தடுப்பைத் தாண்டியும் உணரும். ஆனால் மெல்லிய சுவரையும் தாண்டிவிடும், வராந்தாவில் யாராவது நடந்தாலே எரியும். உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

வாசலருகே ஒரு சின்ன எல்.இ.டி.யை மட்டும் சென்சாரில் சேர்க்காமல் எரியவிடுங்கள். ஈரத் தரை, இருட்டில் யாரும் வழுக்கி விழக் கூடாது.